வண்டிச் சாவியும் மருந்துச் சீட்டும்: முதிய நோயாளியிடம் டாக்டர் எதைச் சொல்வது?

மாதா மாதம் சுகர் மாத்திரைக்கு வரும் பெரியவர்களிடம் நான் இப்போதெல்லாம் முதலில் கேட்பது சாப்பாட்டைப் பற்றியோ தூக்கத்தைப் பற்றியோ இல்லை. "எப்படி வந்தீங்க?" பஸ்ஸிலா, பேரன் பின்னால் உட்கார்ந்தா, சொந்த வண்டியிலா? இதைக் கேட்க எனக்குப் பல வருஷம் ஆனது. எம்.பி.பி.எஸ். படிப்பில் யாரும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் கிளினிக் வைத்திருக்கிறேன். வெளிநாட்டுப் புத்தகங்களில் முதியவரும் வாகனமும் என்றால் அது கார். நாலு சக்கரம், கதவு, பெல்ட், காற்றுப்பை. என் கிளினிக் வாசலில் நிற்பவை எக்ஸெல், ஸ்கூட்டி, பழைய எம்-80. முன்பக்கம் யூரியா மூட்டை, பின்னால் புல்லுக்கட்டு. சில நாள் மூட்டைக்குப் பதில் பேத்தி. விழுந்தால் தாங்கிக்கொள்ள வண்டியில் ஒன்றுமே கிடையாது. ஆகவே அந்தப் புத்தகங்களை அப்படியே எடுத்துவைத்து நம் ஊரில் பேச முடியாது. தூக்கிப் போடவும் முடியாது.

ஒரு நோயாளியை முன்னால் வைத்துக்கொள்வோம். ஆளை அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். வயது 74. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏழு மா (இரண்டேகால் ஏக்கர் சுமார்) நிலம், சொந்தச் சாகுபடி. சுகருக்கு கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும், பிரஷருக்கு ஒன்று, இதயத்துக்காக ஆஸ்பிரின், வேறொரு டாக்டர் எப்போதோ எழுதிக் கொடுத்து நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும் தூக்க மாத்திரை ஒன்று. வலது கண்ணில் புரை. உள்ளங்கால் இரண்டும் "பஞ்சுல நடக்கற மாதிரி" இருக்கிறதாம். எக்ஸெல்லின் இடது கண்ணாடி உடைந்து, அதில் கம்பி மட்டும் நிற்கிறது. "அது சும்மா, தூண்ல உரசிடுச்சு தம்பி" என்றார்.

இவரிடம் என்ன சொல்வது? எனக்குத் தெரிந்து டாக்டருக்கு முன்னால் ஆறு வழிகள் இருக்கின்றன. இந்தப் பெரியவரை வைத்தே ஒவ்வொன்றையும் உரசிப் பார்க்கிறேன்.

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவது

நடைமுறையில் அதிகம் நடப்பது இதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் வந்த திருத்தத்தின்படி, 55 வயதுக்கு மேல் எடுக்கிற அல்லது புதுப்பிக்கிற சாதாரண லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும். 40 வயதைத் தாண்டியவர்கள் படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்று கொடுக்க வேண்டும். நோயாளி தானே எழுதித் தரும் படிவம் 1 என்று இன்னொன்று உண்டு. அதில் வலிப்பு அல்லது திடீர் மயக்கம் உண்டா, 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, மாலைக்கண் இருக்கிறதா, ஹாரன் காதில் விழுகிறதா என்று கேள்விகள் இருக்கும். கேள்விகள் நல்ல கேள்விகள்தான். பதிலைத்தான் யாரும் சரிபார்ப்பதில்லை.

நானும் சரிபார்க்காதவன். சில வருஷங்களுக்கு முன் ஒருவர் படிவத்தை நீட்டினார். வெளியே பதினைந்து பேர் காத்திருந்தார்கள். தெரிந்த மனிதர், முகத்தைப் பார்த்தேன், போட்டுக் கொடுத்தேன். கண் அட்டை என் பின்னால் சுவரிலேயேதான் தொங்கியது. இரண்டு மாதம் கழித்து மாலை ஏழு மணிக்குக் கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு மதகில் வண்டியோடு வாய்க்காலுக்குள் போய்விட்டார். உயிர் தப்பியது, தொடை எலும்பு தப்பவில்லை. அவர் இன்றுவரை என்னைக் குறை சொன்னதில்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

இந்த வழியில் நோயாளியோடு மனத்தாங்கல் இல்லை, நேரம் மிச்சம். பலன் என்று சொல்ல இதற்கு மேல் இல்லை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் சோதனை என்பதே 74 வயதுக்காரருக்குப் பொருந்தாது. 74-க்கும் 79-க்கும் இடையில் ஒரு மனிதரின் கண், காது, நினைவு மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிவிடலாம். அவரை மாதாமாதம் பார்ப்பது நான். ஆர்.டி.ஓ. இல்லை.

"இனிமே வண்டியைத் தொடாதீங்க"

மறு எல்லை இது. கனடாவின் ஆன்டாரியோ மாகாணத்தில், ஓட்டத் தகுதி குறைந்ததாகத் தோன்றும் நோயாளிகளுக்கு டாக்டர்கள் முறையாக எச்சரிக்கை கொடுத்ததன் விளைவை ஆராய்ந்து 2012-ல் ஒரு பெரிய கட்டுரை வெளிவந்தது. எச்சரிக்கை பெற்றவர்கள் 1,00,075 பேர். எச்சரிக்கைக்குப் பிறகு அவர்கள் வண்டி ஓட்டி விபத்துக்குள்ளாகி அவசர சிகிச்சைக்கு வந்தது 45 சதவீதம் குறைந்தது. ஒரு டாக்டரின் வாய்வார்த்தைக்கு இவ்வளவு வலு! படித்தபோது நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அதே கட்டுரையின் மீதிப் பாதியையும் படிக்க வேண்டும். எச்சரிக்கப்பட்டவர்களிடம் மனச்சோர்வுக்காக அவசர சிகிச்சைக்கு வருவது கூடியது. எச்சரித்த டாக்டரிடமே திரும்ப வருவது குறைந்தது. நம் ஊரில் இந்த இரண்டாவது சேதி ரொம்ப முக்கியம். என்னிடம் வருவதை நிறுத்திய பெரியவர் வேறு எங்கே போவார்? மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கிக்கொள்வார். அதே தூக்க மாத்திரையையும் சேர்த்து. வண்டியையும் நிறுத்தமாட்டார். ஒரே வார்த்தையில் வைத்தியம், வண்டி இரண்டும் என் பார்வையிலிருந்து போய்விடும்.

ஆனாலும் இதை முதல் நாளிலேயே, சுற்றி வளைக்காமல் சொல்லித்தான் ஆகவேண்டிய நிலைகள் சில உண்டு. கட்டுப்படாத வலிப்பு. காரணம் தெரியாத மயக்கம். பக்கவாதத்துக்குப் பிறகு பார்வையில் ஒரு பாதி விடுபட்டுப்போவது, அல்லது எல்லாம் இரண்டாகத் தெரிவது. முன்னறிவிப்பே இல்லாமல் சுகர் விழுந்து சுயநினைவு தவறுவது. பழகிய தெருவில் வழி தப்பும் அளவுக்கு வந்துவிட்ட மறதிநோய். இவற்றில் பேரம் கிடையாது. சிலது நிரந்தரம், சிலது கொஞ்ச காலத்துக்கு. பிரிட்டனில் பக்கவாதம் வந்தவர் குறைந்தது ஒரு மாதம் ஓட்டக்கூடாது என்பது விதி; அதன் பிறகு நிலையைப் பார்த்து முடிவு. "எப்போ வரைக்கும்" என்று சேர்த்துச் சொன்னால் நோயாளி காதில் அது தண்டனையாக விழாமல் வைத்தியமாக விழுகிறது.

நம் பெரியவருக்கு இதில் எதுவும் இல்லை. ஆகவே இந்த வழி அவருக்கு இன்றைக்கு இல்லை.

அதிகாரிக்கு எழுதிப்போடுவது

அமெரிக்காவில் கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில், நினைவு தவறும் நோய் உள்ளவர்களைப் பற்றி டாக்டர் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறதிநோயும் அதில் அடங்கும். இந்தியாவில் டாக்டருக்கு அப்படிச் சட்டக் கடமை எதுவும் விதிக்கப்படவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 16-ஆவது பிரிவு உரிமம் வழங்கும் அதிகாரிக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: நோயாலோ உடற்குறையாலோ ஒருவர் ஓட்டத் தகுதியில்லாதவர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், உரிமத்தை ரத்து செய்யலாம், அல்லது புதிதாக மருத்துவச் சான்று கேட்கலாம். டாக்டரின் பக்கம், 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகள் நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கின்றன. குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடும் ஆபத்து என்றால் விலக்கு தருகின்றன. ஆக, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேன் ஓட்டும் ஒருவர் வலிப்பை மறைக்கிறார் என்றால் எழுதிப்போட எனக்கு வழி இருக்கிறது. எழுதுவேன்.

ஏழு மா நிலத்துக்கும் வீட்டுக்கும் இடையில் எக்ஸெல் ஓட்டும் பெரியவருக்கு? முதல் சிக்கல், அவரிடம் லைசென்ஸே இருக்காது. "டி.வி.எஸ். 50-க்கு லைசென்ஸ் எதுக்கு?" என்ற நம்பிக்கை இந்தப் பக்கம் நெல்லோடு சேர்ந்து முளைத்தது. சட்டம் 50 சி.சி. வண்டிக்கும் லைசென்ஸ் கேட்கிறது என்பதே பலருக்குப் புதுச் செய்தி. இல்லாத லைசென்ஸை எந்த அதிகாரி ரத்து செய்வார்? இரண்டாவது சிக்கல் ஊர் வாய். டாக்டர் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று ஒரு டீக்கடையில் பேச்சு கிளம்பினால், அடுத்த வாரத்திலிருந்து எந்தப் பெரியவரும் எனக்கு முன்னால் "தலை சுத்துது" என்று சொல்லமாட்டார்.

அரசே வடிகட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு நாடுகளைப் பார்க்கலாம். டென்மார்க்கில் 70 தாண்டியவர்கள் உரிமம் புதுப்பிக்க நினைவாற்றல் சோதனை கொண்டுவந்தார்கள். பிறகு கணக்கெடுத்தபோது, முதிய கார் ஓட்டிகளின் விபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. அதற்குப் பதில் நடந்தும் சைக்கிளிலும் போன முதியவர்களின் சாவு கூடியிருந்தது. காரை விட்டவர்கள் வீட்டுக்குள் உட்காரவில்லை, சாலையில்தான் இருந்தார்கள், இன்னும் மெலிந்த நிலையில். ஜப்பான் வேறு மாதிரி. 75 தாண்டினால் அங்கேயும் சோதனை உண்டு. கூடவே தானாக முன்வந்து உரிமத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு 1998 முதல் இருக்கிறது. திருப்பித் தந்தவர்களுக்குப் பல ஊர்களில் பஸ் கட்டணச் சலுகை. 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் 87 வயதுக்காரர் ஓட்டிய கார் மோதி ஓர் இளம் தாயும் அவருடைய மூன்று வயது மகளும் இறந்தார்கள். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உரிமத்தைத் திருப்பித் தந்தார்கள். பஸ் ஓடுகிற ஊரில் அது நடக்கும். நம் கிராமத்து நகரப் பேருந்தில் பாட்டிக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை. தாத்தா டிக்கெட் எடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், அந்த பஸ் அவர் வயலுக்குப் போவதில்லை.

பிள்ளைகளிடம் சொல்வது

இதை நான் நிறையச் செய்து, நிறையக் கெடுத்திருக்கிறேன். மகன் துபாயிலோ திருப்பூரிலோ இருப்பார். போனில் சொன்னால் பதறுவார். அன்று இரவே அப்பாவுக்குப் போன் போட்டு, "டாக்டரே சொல்லிட்டாரு, வண்டிய வித்துடுங்க" என்பார். அப்பாவுக்கு வண்டி போவதைவிட, தனக்குத் தெரியாமல் தன்னைப் பற்றிப் பேசியதுதான் வலிக்கும்.

வீட்டில் இருப்பவர்கள் வேறு விதம். சாவியை அரிசிப் பானையில் ஒளிப்பார்கள். பிளக் வயரைப் பிடுங்கிவிட்டு "வண்டி ரிப்பேர்" என்பார்கள். மெக்கானிக்கிடமே சொல்லிவைத்து மாதக்கணக்கில் வண்டியைக் கடையில் நிறுத்துவார்கள். மறதிநோய் முற்றியவரிடம் இந்தப் பொய்கள் தேவைப்படும். காரணம் சொன்னாலும் அவருக்கு நாளைக்கு நினைவிருக்காது, ஆகவே அங்கே நானே சொல்லிக்கொடுப்பேன். தெளிந்த புத்தியோடு நிலவரி கட்டும் மனிதரிடம் இதைச் செய்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அவர் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்த பிறகு டாக்டர், மகன், மருமகள் ஒருவரையும் நம்பமாட்டார்.

குடும்பத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம். அவர் முன்னிலையில், அவர் சம்மதத்தோடு, மருமகளிடம் கேட்பேன்: "ஐயா வண்டி ஓட்டறப்ப பின்னால உட்கார உங்களுக்குப் பயமா இருக்கா? பேத்தியை அனுப்புவீங்களா?" எந்தச் சோதனையையும்விட நேர்மையான பதில் இதில் கிடைத்திருக்கிறது. ஒருமுறை அந்த அம்மா பதிலே சொல்லவில்லை, மாமனாரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பெரியவருக்குப் புரிந்துவிட்டது.

முதலில் பழுது பார்ப்பது

எனக்கு இதுதான் பிடித்த வழி. டாக்டரால் மட்டும் செய்ய முடிந்ததும் இதுதான்.

கண்ணிலிருந்து தொடங்கலாம். அறுபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் இருபது வயதில் போனதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். புரை சேர்ந்தால் எதிரே வரும் விளக்கு சிதறி, சாலையையே மறைத்துவிடும். அமெரிக்காவின் அலபாமாவில் புரை உள்ள முதிய ஓட்டிகளைப் பல வருஷம் பின்தொடர்ந்தார்கள். அறுவை செய்துகொண்டவர்களுக்கு, செய்யாதவர்களைவிட விபத்து விகிதம் ஏறக்குறையப் பாதி. 2002-ல் வெளிவந்தது அது. வண்டியை நிறுத்தச் சொல்லும் பேச்சு ஒன்றும் இல்லாமல், ஒரு கண் அறுவையால் இவ்வளவு கிடைக்கிறது. அரவிந்த் போன்ற மருத்துவமனைகளும் அரசு மருத்துவமனைகளும் முகாம் நடத்தும் மாநிலத்தில் இருந்துகொண்டு, புரையோடு ஒருவரை ஓட்டவிடுவதற்கு நம்மிடம் சாக்கு இல்லை. புரை நோயாளிக்குத் தெரியும். கண் அழுத்த நோய் தெரியாது. நேர்பார்வை நன்றாக இருக்கும்போதே ஓரப்பார்வையைத் தின்றுகொண்டிருக்கும். சந்திலிருந்து வரும் ஆடு "திடீர்னு" வந்தது என்று ஒருவர் இரண்டு தடவை சொன்னால், நான் ஆட்டைச் சந்தேகப்படுவதில்லை.

அடுத்தது மாத்திரை. அல்பிரசோலம், குளோனசெபாம் வகைத் தூக்க மாத்திரைகள் முதியவர் உடம்பில் மறுநாள் காலை வரை தங்கும். சளிக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் குளோர்ஃபெனிரமின், கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் ப்ரீகாபலின், அமிட்ரிப்டிலின் எல்லாமே மந்தத்தைத் தரும். புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின், பிரஷர் மாத்திரையோடு சேர்ந்து, எழுந்து நின்றதும் கண்ணை இருட்டச் செய்யும். நடுக்குவாதத்துக்கான சில மருந்துகளில் உட்கார்ந்த நிலையிலேயே திடீரென்று தூக்கம் சுருட்டும். இவற்றில் பாதியை எழுதியவர்கள் நாம்தான். எழுதும்போது "வண்டி ஓட்டுவீங்களா?" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? தூக்க மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் வேறு தொல்லை வரும். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். அதற்குள் காலை வண்டியை எட்டு மணிக்குத் தள்ளிவைக்கலாம்.

சுகர். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் மூன்றும் சுகரைத் தாழ இறக்கக்கூடியவை. நடவு நாளில் காலை மாத்திரையைப் போட்டுவிட்டு, "ஆளுங்க வந்துட்டாங்க" என்று சாப்பிடாமல் கிளம்புவது நம் பெரியவரின் வழக்கம். பதினோரு மணிக்கு வியர்த்து, கை நடுங்கி, வண்டியை நிறுத்தவேண்டும் என்ற யோசனையே வராமல் போகும். பிரிட்டனில் இன்சுலின் போடுபவர்களுக்கு ஒரு சுலபமான பாடம் வைத்திருக்கிறார்கள்: ஓட்டுவதற்கு முன் சுகர் 5-க்கு மேல். நம் அளவில் அது 90. மீட்டர் இல்லாதவருக்கு என் பாடம்: சாப்பிடாமல் சாவியைத் தொடாதே, சட்டைப் பையில் வெல்லத்துண்டோ மிட்டாயோ இல்லாமல் வாசலைத் தாண்டாதே. கூடவே மாத்திரையை மாற்ற முடியுமா என்று பார்ப்பது என் வேலை.

கால். உள்ளங்கால் மரத்தவர் பிரேக் பெடலை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை உணரமாட்டார். கால் பிரேக் உள்ள பைக்கிலிருந்து, இரண்டு பிரேக்கும் கையில் இருக்கும் ஸ்கூட்டிக்கு மாறுவது இவர்களுக்கு உதவும். ஆனால் நின்றபோது வண்டியைத் தாங்குவதும் அதே கால்தான். இருபுறமும் பக்கச் சக்கரம் பொருத்தலாமே என்று கேட்பார்கள். பொருத்தலாம், ஆர்.டி.ஓ. அனுமதியோடு. ஆனால் அகலம் கூடிய அந்த வண்டி வாய்க்கால் கரைப் பாதையில் ஏறாது. தார்ச்சாலையோடு வேலை முடிகிறவர்களுக்கே அது சரி.

ஆஸ்பிரினையும் ஹெல்மெட்டையும் ஒரே மூச்சில் பேசவேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடும் முதியவர் லேசாகத் தலையில் அடிபட்டாலும் மூளைக்கு மேல் ரத்தம் கசிந்து, வாரங்கள் கழித்துத் தலைவலியாக, தடுமாற்றமாக வெளிப்படலாம். "விழுந்தா ஒண்ணும் ஆகலை" என்பவரிடம் எப்போது விழுந்தார் என்று தேதி கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

சோதனை பற்றி ஓர் இடைச்செருகல். அமெரிக்க முதியோர் மருத்துவர்களின் வழிகாட்டியில், எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்கும் ஒரு தாள் சோதனை உண்டு. மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனால் கவலைப்படலாம் என்கிறார்கள். கடிகாரம் வரையச் சொல்வது, பத்தடி வேகமாக நடந்து திரும்பச் சொல்வது ஆகியவையும் உண்டு. நடை எல்லோருக்கும் பொருந்தும். கடிகாரமும் எழுத்தும் பேனா பிடித்துப் பழகியவர்களுக்குத்தான். நம் எழுத்தர் ஐயா அதில் என்னைவிட வேகம். நான் சேர்த்துக்கொண்டது ஒன்று: சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அவரோடு வாசல் வரை போகிறேன். ஸ்டாண்டை எடுக்கும்போது வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது, உதைக்கும்போது தடுமாறுகிறாரா, சாலையில் ஏறும்முன் கழுத்தைத் திருப்புகிறாரா, அல்லது ஹாரனை அடித்துவிட்டு நேரே ஏறிவிடுகிறாரா என்று பார்க்கிறேன். வண்டியில் புதிய கீறல் இருக்கிறதா என்றும். இதற்கு மதிப்பெண் கிடையாது, ஆராய்ச்சி கிடையாது. ஆனால் இரண்டு நிமிடத்தில் எனக்கு நிறையத் தெரிந்துவிடுகிறது.

எல்லை போட்டு ஓட்டச் சொல்வது

பழுது பார்த்த பிறகும் மிஞ்சும் ஆபத்துக்கு இந்த வழி. "ஓட்டலாம், இப்படி இப்படி மட்டும்." இதைப் பொதுவாகச் சொன்னால் பயனில்லை. "பாத்து ஓட்டுங்க ஐயா" என்பது வணக்கம் சொல்வது மாதிரி, யாரும் கேட்டுக்கொள்வதில்லை. நம் சாலையைத் தெரிந்து சொல்ல வேண்டும்.

தை, மாசியில் சம்பா அறுவடை. தார்ச்சாலையின் பாதியில் நெல் காயும், ஓரத்தில் கல் அடுக்கியிருப்பார்கள். நெல்லை அள்ளிக்கொண்டு போவார்கள், கல்லை விட்டுவிடுவார்கள். இருட்டில் அந்தக் கல் இளைஞனையே தூக்கி எறியும். பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிப்பர், முழு வெளிச்சத்தோடு எதிரே வரும் அறுவடை மிஷின், அகலத்துக்கு வைக்கோல் ஏற்றிய வண்டி எல்லாம் அதே மாதங்களில்தான். மார்கழி விடியலில் பனி மூட்டம். கரைச்சாலைகளில் ஒருபுறம் வெண்ணாறோ பாமணியாறோ, மறுபுறம் பள்ளம், நடுவில் எட்டடித் தார். ஆகவே என் சீட்டில் நான் எழுதுவது இப்படி இருக்கும்: சூரியன் இறங்கிய பிறகு வண்டி கூடாது. பனி விலகும்முன் கூடாது. தஞ்சாவூர் மெயின் ரோட்டில் ஏறக்கூடாது, ஊர்ப்பாதை மட்டும். பின்னால் ஆள் கூடாது, பேத்தி கூடவே கூடாது. மூட்டை கூடாது. ஹெல்மெட்.

மருந்துச் சீட்டிலேயே, மாத்திரைகளுக்குக் கீழே எழுதுகிறேன். வாயால் சொன்னால் அறிவுரை. சீட்டில் எழுதினால் வைத்தியம். மூன்று மாதம் கழித்து இன்ன தேதியில் மறுபடி பார்க்கிறேன் என்றும் எழுதுகிறேன். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அந்தச் சீட்டைப் பார்ப்பார், மருமகள் பார்ப்பார். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை.

இந்த வழியின் ஓட்டை எனக்குத் தெரியும். எல்லையைக் காப்பது நோயாளியின் கையில்தான் இருக்கிறது. முறைத் தண்ணீர் இரவு பதினோரு மணிக்கு வந்தால் அவர் என் சீட்டைப் பார்க்கமாட்டார், மடையைத்தான் பார்ப்பார். அதனால் எல்லை போடும்போதே மாற்றையும் அங்கேயே உட்கார்ந்து பேசவேண்டும். இரவு மடைக்கு யார் போவார்? பக்கத்து வயல்காரரோடு முறை மாற்றிக்கொள்ள முடியுமா? உரக்கடைக்கு ஆட்டோ வருமா? பணத்தைப் பற்றிப் பேசவும் தயங்கக் கூடாது. நாளைக்கு 15 கி.மீ., லிட்டருக்கு 50 கி.மீ. என்று வைத்தால் மாதம் 9 லிட்டர், 900 ரூபாய்க்கு மேல். இன்சூரன்ஸ், டயர், சர்வீஸ் தனி. அந்தப் பணத்துக்கு மாதம் எத்தனை முறை ஆட்டோ பிடிக்கலாம் என்று அவரையே கணக்குப் போடவிட்டால், எழுத்தராக இருந்தவர், பைசா சுத்தமாகப் போட்டுவிடுவார்.

அப்படியென்றால் எதை எடுப்பது? எழுத்தர் ஐயாவுக்கு நான் எடுத்தது பழுது பார்ப்பதும் எல்லை போடுவதும் சேர்ந்த வழி. தூக்க மாத்திரையைக் குறைக்கத் தொடங்கினேன், கிளிமிபிரைடுக்குப் பதில் வேறு கொடுத்தேன், கண்ணுக்குத் தஞ்சாவூருக்கு எழுதினேன், மேலே சொன்ன எல்லைகளைச் சீட்டில் போட்டேன். நேரடித் தடையைக் கையிருப்பில் வைத்திருக்கிறேன். அது எப்போது வரும் என்பதை அவரிடமே சொல்லிவிட்டேன்: "ஒரு தடவை வழி தப்பினாலோ, ஒரு தடவை மயக்கம் வந்தாலோ, அன்னிக்கே சாவியை என்கிட்ட குடுத்துடணும். சரியா?" முகம் மாறியது. கொஞ்ச நேரம் கழித்து, "அது நியாயம்தான்" என்றார். தெளிவாக இருக்கும்போது வாங்கிய இந்தச் சம்மதம், தெளிவு போன பிறகு குடும்பத்துக்கு உதவும். அதனால்தான் 74-ல் பேசுவதைவிட 60-ல் பேசுவது சுலபம் என்கிறேன். கண்ணாடி உடையும்வரை காத்திருந்தது என் தப்பு.

நேரம் எங்கே இருக்கிறது என்று சக டாக்டர்கள் கேட்பார்கள். ஒரே நாளில் எல்லாம் பேசவேண்டாம். முதல் மாதம் "எப்படி வந்தீங்க?" மட்டும். அடுத்த மாதம் கண் அட்டை. அதற்கடுத்த மாதம் மாத்திரைப் பையை மேஜையில் கொட்டச் சொல்வது. அவர் எப்படியும் மாதாமாதம் வருகிறவர்தானே.

போன வாரம் வந்தார். வலது கண் அறுவை முடிந்துவிட்டது. இடது பக்கம் புதுக் கண்ணாடி மாட்டியிருந்தார், எக்ஸெல்லுக்கு.

"தம்பி, இப்ப பளிச்சுனு தெரியுது. ராத்திரி ஓட்டலாமா?"

"இடது கண்ணுலயும் புரை இருக்குன்னு எழுதியிருக்காங்களே ஐயா."

"அறுப்பு முடியட்டும், அதையும் பண்ணிக்கிறேன்."

"அப்ப ராத்திரி வண்டியும் அறுப்பு முடியட்டும்."

சீட்டை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மிட்டாய் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். இருந்தது. வாசல் வரை போனேன். சாலையில் ஏறும்முன் வலது பக்கம் திரும்பிப் பார்த்தார். இடது பக்கம் பார்க்கவில்லை. அதைக் குறித்து வைத்திருக்கிறேன், அடுத்த மாதத்துக்கு.